வெயிலுக்குக் குறைவில்லை, நீலம்தான் நிற்கவில்லை: சயனோடைப் கற்றுக்கொள்பவர்களுக்கான இழை

கடலோரம் (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். ராமநாதபுரம் மாவட்டத்தில் கடலை ஒட்டிய ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருக்கிறேன். எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்த வருஷம் சயனோடைப், அதாவது மருந்து தடவிய தாளை வெயிலில் காட்டி நீல நிறத்தில் அச்செடுக்கும் முறை, சொல்லித்தர ஆசை. ஒளிப்படங்களோடு வந்த முதல் புத்தகம் என்று சொல்லப்படுவது கடற்பாசிகளைப் பற்றியது. இங்கிலாந்தில் அன்னா அட்கின்ஸ் என்ற பெண்மணி இதே முறையில் 1843-இல் ஆரம்பித்துப் பத்து வருஷம் போலப் பகுதி பகுதியாகக் கொண்டுவந்தார். கேமராவே கிடையாது. மருந்து தடவிய தாளில் காய்ந்த பாசியை வைத்து, வெயிலில் காட்டி, தண்ணீரில் அலசினார். பாசியின் பெயர்கூட அவர் கையெழுத்திலேயே, அதே நீலத்தில் பதிந்திருக்கும்.

எங்கள் பிள்ளைகள் பலருடைய அம்மாக்கள் பாசி எடுக்கப் போகிறவர்கள். மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று பிள்ளைகள் கையில் எடுத்ததுமே பெயர் சொல்லிவிடுவார்கள். அந்தப் பாசிகளை அவர்களே அச்செடுத்துப் பார்க்க வேண்டும், அதற்குத்தான் இத்தனை ஏற்பாடும்.

இப்போது பிரச்சினை. ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட் 25 கிராம் 100 மில்லியில், பொட்டாசியம் ஃபெரிசயனைடு 10 கிராம் இன்னொரு 100 மில்லியில், இரண்டையும் சமமாகக் கலந்து தடவுகிறேன். வெயிலில் நன்றாகவே நிறம் மாறுகிறது. தொட்டித் தண்ணீரில் போட்டதும் அழகான நீலம் வருகிறது. ஆனால் மஞ்சள் போகட்டும் என்று கொஞ்ச நேரம் விட்டால் நீலமும் கூடவே வெளிறுகிறது. காய்ந்தபின் பார்த்தால் துவைத்துத் துவைத்துப் பழசான பள்ளிச் சீருடை போல இருக்கிறது. தாள், ஸ்டேஷனரி கடையில் வாங்கிய டிராயிங் ஷீட். தண்ணீர், பள்ளி போர்வெல்.

மருந்தா, தாளா, தண்ணீரா, எது காரணம்? வெளிநாட்டுத் தாள் வாங்கும் வசதி எங்களுக்கு இல்லை. அப்புறம், பிள்ளைகள் கையில் இந்த மருந்தைக் கொடுக்கலாமா? பெயரில் சயனைடு இருப்பதால் தலைமையாசிரியர் தயங்குகிறார்.

---

இருட்டறை

டீச்சர், முதலில் உங்கள் யோசனைக்கு ஒரு வணக்கம். மரிக்கொழுந்தும் கஞ்சிப்பாசியும் நீலத்தில் வந்தால் நான் முதல் ஆளாக வந்து பார்ப்பேன்.

மருந்து அளவு சரி. பெரும்பாலானவர்கள் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். சந்தேகம் தாள்மேலும் தண்ணீர்மேலும்தான். அதற்கு முன் மூன்று விஷயம் சொல்லுங்கள்.

ஒன்று, தடவிக் காய்ந்தபின் தாள் என்ன நிறம்? எலுமிச்சை மஞ்சளும் பச்சையும் கலந்தது போல இருக்க வேண்டும். வெயிலுக்குப் போகும் முன்பே நீலம் தட்டியிருந்தால் தாளிலேயே கோளாறு, அல்லது தடவிய இடத்தில் வெளிச்சம் அதிகம்.

இரண்டு, வெயிலிலிருந்து எடுக்கும்போது என்ன நிறம்? நிறைய பேர் நீலம் வந்ததுமே எடுத்துவிடுகிறார்கள். அது போதாது. மஞ்சள் பச்சையாகி, பச்சை நீலமாகி, நீலம் கறுத்து, கடைசியில் ஒரு சாம்பல் பூத்த வெண்கல நிறத்துக்குப் போகும். அந்தச் சாம்பலைப் பார்த்ததும் ‘அடடா, கெட்டுப்போச்சு’ என்று தோன்றும். கெடவில்லை, அங்கேதான் எடுக்க வேண்டும். தண்ணீரில் போட்டதும் சாம்பல் மறைந்து நீலம் திரும்பிவிடும்.

மூன்று, எவ்வளவு நேரம் அலசுகிறீர்கள்?

பதில் வருவதற்குள் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரே தாளில் நான்கு பட்டை வெட்டுங்கள். ஒரே கலவை, ஒரே வெயில், ஒரே நேரம். ஒன்றைப் போர்வெல் தண்ணீரில் அலசுங்கள். ஒன்றைக் கேன் தண்ணீரில். ஒன்றைப் போர்வெல் தண்ணீரில் லெமன் சால்ட் (சிட்ரிக் அமிலம்) ஒரு சிட்டிகை போட்டு. கடைசிப் பட்டையைக் கேன் தண்ணீரில் லெமன் சால்ட் போட்டு. நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, கீழே பென்சிலால் குறித்துவையுங்கள். நாங்கள் இங்கே பக்கம் பக்கமாக எழுதுவதைவிட அந்த நான்கு பட்டை தெளிவாகச் சொல்லிவிடும்.

---

ஆய்வகம்

கல்லூரியில் வேதியியல் பாடம் நடத்துகிறேன். டீச்சர் கேட்ட பாதுகாப்புக் கேள்விக்கு முதலில் வருகிறேன், ஏனென்றால் தலைமையாசிரியரின் தயக்கம் நியாயமானது, அதற்கு நேரான பதில் வேண்டும்.

ஃபெரிசயனைடில் இருக்கும் சயனைடு ஆறும் நடுவில் உள்ள இரும்பு அணுவை இறுகப் பற்றிக்கொண்டிருக்கின்றன. சாதாரணமாக அவை பிரிந்து வருவதில்லை. அதனால் இதன் நச்சுத்தன்மை மிகக் குறைவு. கடைசியில் தாளில் தங்கும் நீலம், அதாவது பிரஷ்யன் புளூ, தாலியமோ கதிரியக்க சீசியமோ உடம்புக்குள் போனவர்களுக்கு மருந்தாகவே கொடுக்கப்படும் பொருள்.

ஆனால் ஒரு விதியை மட்டும் மீறக் கூடாது: வீரியமான அமிலம் பக்கத்தில் வரக் கூடாது, சூடும் படுத்தக் கூடாது. வீரிய அமிலம் பட்டால் அந்தப் பிடி தளர்ந்து ஹைட்ரஜன் சயனைடு வாயு வெளிவரும். நம் ஊரில் கழிப்பறை கழுவ வைத்திருக்கும் ஆசிட் ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான். ஆகவே மிச்சக் கலவையை அந்த ஆசிட் ஊற்றும் இடத்தில் கொட்டவே கூடாது. இன்னொன்று, டிஸ்டில்டு வாட்டர் வாங்கப் பிள்ளைகளைப் பேட்டரி கடைக்கு அனுப்பாதீர்கள். ‘பேட்டரி தண்ணி’ என்று கேட்டு பேட்டரி ஆசிட் வந்துவிட்டால் அது கந்தக அமிலம். பெரியவர் ஒருவர் போய் லேபிளைப் படித்து வாங்க வேண்டும். லெமன் சால்ட், வினிகர் இரண்டும் மென்மையானவை. அலசும் தண்ணீரில் கொஞ்சமாகச் சேர்ப்பதால் ஆபத்தில்லை.

பொடியை நிறுப்பதும் கரைப்பதும் உங்கள் வேலையாக இருக்கட்டும், முகக்கவசம் போட்டுக்கொண்டு. பிள்ளைகளுக்குக் கரைசலாகவே கொடுங்கள். கையுறை, பழைய சட்டை, சமையலுக்குத் திரும்பப் போகாத தட்டு, கரண்டி. சில குறிப்புகளில் அச்சின் மாறுபாட்டை (காண்ட்ராஸ்ட்) கூட்டப் பொட்டாசியம் டைகுரோமேட் சேர்க்கச் சொல்வார்கள். அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள். பள்ளிக்குள் வரவே வேண்டாம்.

இனி நீலம் போவதற்கு வருகிறேன். வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டதும் சிட்ரேட்டோடு சேர்ந்திருக்கும் ஃபெரிக் நிலை இரும்பு ஃபெரஸ் என்ற வேறு நிலைக்கு மாறுகிறது. அந்த ஃபெரஸ் பக்கத்திலேயே காத்திருக்கும் ஃபெரிசயனைடோடு சேர்ந்து தண்ணீரில் கரையாத நீலமாகிறது. வெயில் படாத இடத்தில் இரண்டும் கரையும் உப்பாகவே இருப்பதால் அலசும்போது போய்விடுகின்றன. இவ்வளவுதான் சங்கதி. ஆனால் இந்த நீலத்துக்குக் காரம், அதாவது அமிலத்துக்கு எதிரான சோடா, சுண்ணாம்பு வகை, ஆகாது. காரம் பட்டால் சிதைந்து, மஞ்சளும் பழுப்புமான இரும்பு ஹைட்ராக்சைடு மட்டும் மிஞ்சும். போர்வெல் தண்ணீரில் பைகார்பனேட் நிறைய இருந்தால் அது காரப் பக்கம்தான் சாயும். இன்று கடையில் கிடைக்கும் பல தாள்களும் பழுப்பேறாமல் இருக்கக் கால்சியம் கார்பனேட் சேர்த்துச் செய்தவை, அதாவது சுண்ணாம்பு. மேலேயும் காரம், கீழேயும் காரம், நடுவில் நீலம்.

---

டீஸ்கொயர்

நான் ஓய்வுபெற்ற டிராஃப்ட்ஸ்மேன். பேராசிரியர் எழுதியதைப் படித்ததும் பழைய வேலை ஒன்று நினைவுக்கு வந்தது, உங்களுக்குப் பயன்படலாம்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது பிளான் நகலெடுக்க அம்மோனியா பிரிண்ட் வந்துவிட்டது. ஆனால் ரெக்கார்டு ரூமில் எங்களுக்கு முந்தைய தலைமுறையின் ஃபெரோ பிரிண்டுகள் சுருள் சுருளாக இருந்தன. நீலத் தரையில் வெள்ளைக் கோடு. பாலம், மதகு, கால்வாய் என்று எல்லாம். அதுவும் நீங்கள் செய்கிற இதே சரக்குதான். 1842-இல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்தார், 1870-களில் பிளான் நகலெடுக்கும் வேலைக்கு அது பெரிய அளவில் போனது.

அந்த நீலத் தாள்களில் பிற்பாடு திருத்தம் போட வேண்டுமென்றால் என்ன செய்வார்கள் தெரியுமா? துணிச் சோடாவைத் தண்ணீரில் கரைத்து, நிப்பில் தொட்டு எழுதுவார்கள். நிப் போன வழியெல்லாம் நீலம் அழிந்து வெள்ளைக் கோடு விழும். எங்கள் ஹெட் டிராஃப்ட்ஸ்மேன் பழைய தாள் ஒன்றில் செய்து காட்டியிருக்கிறார். எழுதியதும் ஒன்றும் தெரியாது. சில நொடியில் கோடு மெல்ல மேலே வரும். ஓரம் லேசாக மஞ்சள் தட்டும். உடனே ஈரப் பஞ்சால் ஒற்றி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கோடு பரந்துவிடும்.

டீச்சருடைய தொட்டித் தண்ணீர் இந்தச் சோடா வேலையைத்தான் மெதுவாக, தாள் முழுக்கச் செய்துகொண்டிருக்கிறது என்று எனக்குப் படுகிறது. பிள்ளைகளுக்கும் இதைக் காட்டுங்கள். பிடித்துப்போகும். பாசி அச்சின் ஓரத்தில் சோடாத் தண்ணீரால் பெயரைக் கையெழுத்தாகப் போட்டுக்கொள்ளலாம்.

---

கடலோரம்

எல்லாருக்கும் நன்றி. டீஸ்கொயர் ஐயா, உங்கள் சோடா எழுத்தைப் படித்துவிட்டு அன்றைக்கே ஒரு வீணான அச்சில் எழுதிப் பார்த்தேன். நீங்கள் சொன்ன அதே மஞ்சள் ஓரத்தோடு வந்தது. வகுப்பில் கட்டாயம் செய்வோம்.

இருட்டறை சார் கேட்டதற்குப் பதில். தடவிக் காய்ந்தபின் மஞ்சள் பச்சைதான், ஆனால் மறுநாள் காலையில் பார்த்தால் லேசாக நீலம் தட்டியிருந்தது. வெயிலில் நீலம் வந்ததுமே எடுத்துக்கொண்டிருந்தேன். சாம்பல் வரை விடுவது எனக்குப் புதுச் செய்தி. அலசுவது கால் மணி நேரம் போல.

நான்கு பட்டையும் முடித்துவிட்டேன். போர்வெல் மட்டும் போட்ட பட்டை கிட்டத்தட்ட வெளுத்துவிட்டது. கேன் தண்ணீர்ப் பட்டையில் பாதி நிற்கிறது. லெமன் சால்ட் போட்ட இரண்டும் நல்ல அழுத்தமான நீலம், இரண்டுக்கும் வித்தியாசம் மிகக் கொஞ்சம். அப்படியானால் போர்வெல் தண்ணீரே போதும், ஒரு சிட்டிகை லெமன் சால்ட் சேர்த்தால் சரி என்று எடுத்துக்கொள்ளலாமா? இங்கே கேன் தண்ணீர் குடிக்க மட்டும்தான். முப்பது பிள்ளைகளின் அச்சை அதில் அலச முடியாது.

---

இருட்டறை

எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு ஒழுங்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல் தொட்டியில் லெமன் சால்ட் போட்ட போர்வெல் தண்ணீர், அச்சை முகம் கீழாகப் போட்டு மெல்ல அசைக்க வேண்டும். மஞ்சள் கலங்கிவரும். கலங்கலானதும் தண்ணீரை மாற்றுங்கள், அந்த மஞ்சள் தண்ணீரிலேயே ஊறவிட்டால் வெள்ளைப் பகுதியில் நீலம் ஏறிவிடும். இரண்டாம் தொட்டியிலும் அதே மாதிரி. கடைசியில் ஒரு பக்கெட் கேன் தண்ணீர் எல்லாருக்குமாகப் போதும், முக்கி எடுப்பதற்கு மட்டும். வெள்ளைப் பகுதியில் மஞ்சள் போய்விட்டதா என்று பாருங்கள், போனதும் எடுத்துவிடுங்கள். கால் மணி நேரம் தேவையே இல்லை.

கேன் தண்ணீர்ப் பட்டையில் பாதிதான் நின்றது என்கிறீர்களே, அதற்குக் காரணம் தாள். அதில் சுண்ணாம்பு இருக்கிறது. மறுநாள் நீலம் தட்டியது வேறு விஷயம், உங்கள் கடற்கரை ஈரம். மின்விசிறிக்கு நேரே, இருட்டில் காயவைத்து அன்றைக்கே பயன்படுத்துங்கள். காலை முதல் பீரியடில் தடவி, மதியத்துக்குள் வெயிலுக்குப் போனால் உத்தமம். தடவும் அறையில் பழைய மஞ்சள் குண்டு பல்போ மஞ்சள் எல்இடியோ போட்டுக்கொள்ளலாம். ஜன்னலைக் கனத்த துணியால் மூடினால் போதும், போட்டோ இருட்டறை மாதிரி கும்மிருட்டு வேண்டியதில்லை.

தூரிகை வாங்கும்போது இரும்புப் பூண் இல்லாததாகப் பாருங்கள். துருத் துணுக்கு ஒன்று கலவையில் விழுந்தாலும் நீலப் புள்ளியாக நிற்கும். ஃபோம் தூரிகை மலிவு, பிள்ளைகளுக்குக் கையாளவும் எளிது. ஏ4 அளவுக்கு இரண்டு மூன்று மில்லி கலவை தாராளம். முதலில் குறுக்காக, பிறகு நெடுக்காக, குட்டை தேங்காமல் தடவ வேண்டும். பளபளவென்று ஈரம் நின்றால் அந்த இடத்தில் உப்பு படிந்து, அலசும்போது நீலமாகவே உரிந்து ஓடும்.

---

ஆய்வகம்

தாளைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். வெளிநாட்டுத் தாள் இல்லாவிட்டால் குடி முழுகிவிடாது. லெமன் சால்ட் கரைத்த தண்ணீரில் தாளை முன்கூட்டியே ஊறவைத்து, நுண்ணிய குமிழி வருவது நின்றதும் எடுத்து, அலசிக் காயவைத்துவிட்டுத் தடவுங்கள். குமிழி வருவதே அதில் சுண்ணாம்பு இருப்பதற்குச் சாட்சி. புதுச்சேரியில் கையால் செய்த தாள் கிடைக்கிறது, பருத்தியில் ஆனது. அதிலும் எல்லாம் ஒரே மாதிரி இருக்காது, ஒரு ஷீட் வாங்கி ஓரத்தில் சோதித்துவிட்டு மொத்தமாக வாங்குங்கள்.

ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட் பொடி பச்சையும் பழுப்புமாக இரண்டு வகையில் வரும். பச்சைதான் வேண்டும். சென்னையில் பாரிமுனைப் பக்கத்து லேப் கெமிக்கல் கடைகளில் நிறத்தைச் சொல்லிக் கேளுங்கள். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பாகாகிவிடும், உங்கள் ஊரில் இன்னும் சீக்கிரம். சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு இறுக மூடி, இருட்டில் வையுங்கள். கரைத்து வைத்த சிட்ரேட்டில் பூஞ்சணம் படரும். மெல்லிய பருத்தித் துணியில் வடிகட்டிப் பயன்படுத்தலாம், ஆனால் வேண்டிய அளவுக்கு மட்டும் அவ்வப்போது கரைப்பதே நல்லது. கரைக்க மட்டும் டிஸ்டில்டு வாட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். போர்வெல்லில் இரும்பு இருந்தால் பாட்டிலுக்குள்ளேயே நீலம் உருவாகிவிடும்.

---

ஸ்கார்பரோ

கனடாவிலிருந்து எழுதுகிறேன். உங்கட வெயிலை நினைக்கப் பொறாமையாக இருக்கு. இங்க மார்கழி, தையில் மத்தியானத்திலயும் சூரியன் தலைக்கு மேல வராது, புற ஊதா இல்லையெண்டே சொல்லலாம். ஒரு மணித்தியாலம் வச்சாலும் அரைகுறைதான். அதால 365 முதல் 395 நானோமீட்டர் வரையான எல்இடி பட்டைகளை ஒரு பெட்டிக்குள்ள ஒட்டி விளக்குப் பெட்டி செய்து வச்சிருக்கிறன். நேரம் ஒரே சீராக வரும், மேகம் மூடுமோ எண்ட கவலை இல்லை. டீச்சர், ஐப்பசி, கார்த்திகை மழையில உங்களுக்கும் இது உதவும். எரியும்போது நேராகப் பார்க்காதேங்கோ, பிள்ளையளையும் பார்க்க விடாதேங்கோ.

---

இருட்டறை

ஸ்கார்பரோ அண்ணன் சொன்ன எல்இடி சென்னையில் ரிச்சி தெருவில் கிடைக்கிறது. ஆனால் டீச்சருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். பிள்ளைகள் முற்றத்தில் உட்கார்ந்து தாள் நிறம் மாறுவதைப் பார்க்க வேண்டும். கற்றுக்கொள்வதில் பாதி அந்தப் பார்வைதான். விளக்குப் பெட்டி மூடியிருக்கும், ஒன்றும் தெரியாது.

நேரத்தைக் கண்டுபிடிக்க இப்படிச் செய்யுங்கள். ஒரு பட்டையை அட்டையால் மூடி, இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை அட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். அலசிக் காயவைத்ததும் படிக்கட்டு மாதிரி நீலங்கள் வரும். எந்தப் படிக்கு மேல் கறுப்பு கூடவில்லையோ அதுதான் உங்கள் நேரம். பங்குனி, சித்திரை உச்சி வெயிலில் பாசி, இலை மாதிரிப் பொருள்களுக்குச் சில நிமிஷமே போதும். மேகம் இருந்தால் கூடும். மேலே வைக்கும் கண்ணாடி சாதாரண ஜன்னல் கண்ணாடியாக இருக்கலாம். அக்ரிலிக் ஷீட் வாங்கினால் புற ஊதாவைத் தடுக்கும் வகையா என்று கேட்டு வாங்குங்கள், அந்த வகை என்றால் மணிக்கணக்கில் காத்திருந்தாலும் மஞ்சள் மஞ்சளாகவே இருக்கும்.

---

தறி

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். பருத்தித் துணியில் இதே கலவையைத் தடவிப் பை, துப்பட்டா செய்கிறேன். நன்றாக வருகிறது. வாங்கியவர்கள் வீட்டில் துவைத்ததும் மங்குகிறது என்று திரும்பக் கொண்டுவருகிறார்கள். சோப்புதான் காரணம் என்று இந்த இழையைப் படித்தபின் புரிகிறது. சோப்பு போடாமல் எப்படித் துவைக்கச் சொல்வது?

இன்னொன்று. எங்கள் பக்கத்தில் கருப்பூர் கலம்காரி (துணியில் கையால் வரையும் ஓவியம்) செய்கிறவர்கள் கடுக்காய் போட்ட துணியில் இரும்பும் வெல்லமும் ஊறிய தண்ணீரால் கறுப்புக் கோடு இழுப்பார்கள். கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு. சயனோடைப் நீலமும் இரும்புதானே? கடுக்காய்த் தண்ணீரில் போட்டால் கறுக்குமா?

---

ஆய்வகம்

கறுக்கும். மிகச் சரியாகப் பிடித்தீர்கள். துணிச் சோடாவை மிக மெலிதாகக் கரைத்து அச்சை முக்கினால் நீலம் போய், இரும்பு மட்டும் மஞ்சள் நிழலாகத் துணியில் நிற்கும். நன்றாக அலசிவிட்டுக் கடுக்காய்க் கஷாயத்தில் போட்டால் அந்த இரும்பைக் கடுக்காயின் டானின் பிடித்துக்கொண்டு பழுப்பும் கறுப்புமாக ஏறும். வெளிநாட்டில் இதற்குத் தேயிலை, காபி பயன்படுத்துவார்கள். கடுக்காயில் டானின் அதைவிட அதிகம். சோடாவில் முக்காமல் நேராகப் போட்டால் நீலக் கறுப்பு வரும். வெள்ளைப் பகுதியும் கொஞ்சம் சாயம் ஏற்கும், அதற்குத் தயாராக இருங்கள்.

---

இருட்டறை

எனக்கு இதில் மாற்றுக் கருத்து உண்டு, சொல்லிவிடுகிறேன். நீலம் சரியாக வராத அச்சைக் காப்பாற்றத்தான் பலரும் சாயம் ஏற்றுகிறார்கள். அதனால் நீலத்தை நன்றாகக் கொண்டுவரக் கற்றுக்கொள்வது தள்ளிப்போகிறது. முதலில் ஒரு சுத்தமான, ஆழமான நீலம் கையில் வரட்டும். கடுக்காயெல்லாம் அப்புறம்.

---

தறி

தாளுக்கு நீங்கள் சொல்வது சரியாக இருக்கலாம், சார். துணியில் அப்படி இல்லை. கட்டுகிறவருக்கு அது துணி, சுவரில் மாட்டும் படம் இல்லை. கறுப்பும் பழுப்பும் எங்கள் ஆட்களுக்குப் பழகிய நிறம், கடுக்காய் எங்கள் வீட்டுச் சரக்கு. நீலம் வராததற்காக அதைத் தேடிப் போகவில்லை. எனக்குப் பிடித்துத்தான் போகிறேன்.

---

இருட்டறை

ஒத்துக்கொள்கிறேன். துணியை நான் யோசிக்கவில்லை. செய்து முடித்ததும் இங்கே போடுங்கள், பார்க்க ஆவலாக இருக்கிறது.

---

ஆய்வகம்

துவைப்பதற்கு வருகிறேன். சோப்பும் சாதாரணத் துணிப்பொடியும் காரம், அதனால் ஆகாது. பூந்திக்கொட்டையை ஊறவைத்துக் கசக்கிய நுரைத் தண்ணீர் லேசான அமிலத் தன்மை உடையது, நீலத்தைத் தொடாது. சீயக்காய் வேண்டாம், அதன் பழுப்பு துணியில் ஏறும். துப்பட்டாவோடு ஒரு சிறு பொட்டலம் பூந்திக்கொட்டை கட்டிக் கொடுத்து, எப்படித் துவைப்பது என்று துண்டுச்சீட்டில் எழுதிவிடுங்கள். கடைசி அலசலில் சில துளி வினிகர் விடச் சொல்லலாம். சோடாவில் முக்கிக் கடுக்காய் ஏற்றிய துணிக்கு இந்தக் கவலை குறைவு, அதில் மிஞ்சியிருப்பது நீலம் இல்லையே.

நீலத் துணியோ தாளோ வெயிலில் நாள்பட்டு வெளிறினால் பயப்பட வேண்டாம். சில நாள் இருட்டில், காற்றுப் படும் இடத்தில் வைத்தால் நிறம் பெரும்பாலும் திரும்பிவிடும். ஒளியில் இழந்ததைக் காற்றின் ஆக்சிஜன் மீட்டுக்கொடுக்கிறது. காரத்தில் போனது மட்டும் திரும்பாது.

---

கடலோரம்

தாளை லெமன் சால்ட்டில் ஊறவைத்தேன். குமிழி வந்தது! பிள்ளைகள் தாளைச் சுற்றி நின்று பார்த்தார்கள். காயவைத்துத் தடவி, சாம்பல் நிறம் வரை வெயிலில் விட்டு, இரண்டு தொட்டி முறையில் அலசினோம். இப்போது வந்திருக்கும் நீலத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. அதே ஸ்டேஷனரி கடைத் தாள்தான்.

கஞ்சிப்பாசி சரசரவென்று நூல் நூலாக வந்தது. கட்டக்கோரையின் சின்னச் சின்னக் காற்றுக் குமிழ்கள் ஒவ்வொன்றும் தனித்தனி வெள்ளைப் புள்ளி. மெல்லிய பச்சைப் பாசி ஒன்றில் ஒளி ஊடுருவி உள்ளேயும் இளநீலம் படிந்திருக்கிறது, மடிப்பு விழுந்த இடமெல்லாம் வெள்ளையாக. ஒரு பையன் அதைப் பார்த்து, ‘டீச்சர், தண்ணிக்குள்ள இருக்கும்போது இப்படித்தான் இருக்கும்’ என்றான்.

கரையில் ஒதுங்கிய பாசியை மட்டும்தான் எடுக்கிறோம். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் தீவுகள் பக்கம் போவதில்லை.

இரண்டு சந்தேகம். பாசி ஈரமாக இருந்தால் தாளில் பட்ட இடத்தில் கறை விழுகிறது. ரொம்பக் காயவைத்தால் சுருண்டு நொறுங்குகிறது. என்ன செய்வது? அப்புறம், வெயிலில் எடுத்துக் கழுவியபின் சிலதில் நீலம் வெளிர்ந்தாற்போல இருந்து, மறுநாள்தான் ஆழமாகிறது. காத்திருக்கப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை.

---

ஆய்வகம்

இரண்டாவது கேள்விக்கு நான். மறுநாள் ஆழமாவது இயல்பு, காற்றில் ஆக்சிஜனேற்றம் நடக்கிறது. உடனே பார்க்க வேண்டுமென்றால் மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு மூடியளவு கடைசித் தொட்டியில் விடுங்கள். போட்ட நொடியில் நீலம் சட்டென்று இறங்கும். நாளை வரப்போகும் நிறம்தான் அது, கூடுதலாக ஒன்றும் வராது. ஆனால் பிள்ளைகள் அந்த நொடியைப் பார்க்கட்டும், இரும்பும் ஆக்சிஜனும் என்று பாடத்தில் படிப்பது அங்கே கண்ணெதிரே நடக்கிறது.

---

இருட்டறை

பாசிக்கு. முதலில் நல்ல தண்ணீரில் அலசி உப்பை எடுத்துவிடுங்கள், உப்பு நின்றால் தாளில் தடம் விழும். பிறகு ஓஎச்பி ஷீட் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) ஒன்றைத் தட்டில் தண்ணீருக்கு அடியில் வைத்து, பாசியை மேலே மிதக்கவிட்டு, குச்சியால் கிளைகளைப் பிரித்து, ஷீட்டோடு மெதுவாகத் தூக்குங்கள். மேலே பழைய மல்துணி, அதன்மேல் செய்தித்தாள், அதன்மேல் கனமான புத்தகங்கள். செய்தித்தாளை அவ்வப்போது மாற்றினால் பாசி தட்டையாகக் காய்ந்து, தன் கோந்திலேயே ஷீட்டில் ஒட்டிக்கொள்ளும். மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி இரண்டிலும் அகர் என்ற கூழ்ப்பொருள் இருப்பதால் நன்றாகவே ஒட்டும். அப்புறம் அந்த ஷீட் ஒரு நெகட்டிவ் மாதிரி. ஈரம் தாளைத் தொடாது, நொறுங்காது, ஒரே பாசியை வகுப்பு முழுக்க மாற்றி மாற்றி அச்செடுக்கலாம்.

---

கடலோரம்

அருமை! ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பாசி எடுத்து ஷீட்டில் ஒட்டட்டும். அட்கின்ஸ் செய்த மாதிரி பெயரையும் அச்சிலேயே கொண்டுவர வேண்டும். வீட்டில் சொல்கிற பெயர் பெரிதாக, அதன் கீழே அறிவியல் பெயர். மண்டபத்தில் மத்திய உப்பு, கடல்சார் வேதியியல் ஆய்வு நிறுவனத்தின் நிலையம் இருக்கிறது, அறிவியல் பெயர்களை அங்கே கேட்டுச் சரிபார்க்கலாம் என்று இருக்கிறேன். எதில் எழுதுவது? சோடாத் தண்ணீரில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் எழுத்து பரந்துவிடுகிறது.

---

டீஸ்கொயர்

பட்டர் ஷீட், அதாவது ஒளி ஊடுருவும் மெல்லிய தாள், வாங்குங்கள் அம்மா, பிளான் போடுகிறவர்கள் வாங்கும் கடையில் கிடைக்கும். கறுப்பு இண்டியன் இங்க்கில் எழுத வேண்டும். ஸ்கெட்ச் பேனா மை ஒளியை விட்டுவிடும், எழுத்து மங்கலாக வரும். எழுதிய பக்கம் மேலே இருக்கும்படி வைத்தால் எழுத்து நேராகவே பதியும், பட்டர் ஷீட் மெல்லியது என்பதால் கூர்மையும் பெரிதாகக் குறையாது. கண்ணாடி இறுக அழுத்த வேண்டும், நாலு மூலையிலும் கிளிப் போடுங்கள். பட்டர் ஷீட் பாசியின் மேல் ஏறாமல், பெயர் வரும் அளவுக்கு மட்டும் சிறு துண்டாக வெட்டிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அந்தப் பக்கம் வெயில் குறைந்து, அச்சில் பாதி வெளிறும்.

பட்டர் ஷீட்டுக்கு வழியில்லை என்றால் சாதாரண வெள்ளைத் தாளில் எழுதி, பின்பக்கம் தேங்காய் எண்ணெய் தேய்த்து, மிச்சத்தைத் துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள். ஒளி ஊடுருவும். எண்ணெய் மருந்துத் தாளில் படாமல் நடுவில் ஒரு ஓஎச்பி ஷீட் வைக்க மறக்காதீர்கள்.